பழைய காருக்குப் புதிய கால்கள்

பெங்களூருவின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், நெரிசல் தொடங்குவதற்கு முன்பான ஓரிரு மணி நேரம் பழைய கார்களுக்கு உரியது. கப்பன் பூங்காவை ஒட்டிய சாலைகளிலும், நந்தி மலையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும், வாரம் முழுவதும் உறைக்குள் உறங்கிய எம்.ஜி., டிரையம்ப், ஜாகுவார் போன்ற இருக்கை தாழ்ந்த, கூரை திறந்த வண்டிகள் அந்நேரத்தில் கண்ணில் படுவதுண்டு. பாட்டனார் வாங்கியதைப் பேரன் ஓட்டுவதும் உண்டு. பணி ஓய்வுப் பணத்தில் இளமைக்கால ஆசையை நிறைவேற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இத்தகைய காருக்கு உரிமையாளர் செய்யும் செலவில் ஒரு வரிசைமுறை இருப்பதை நாம் கவனிக்கிறோம். முதலில் வண்ணப்பூச்சு, பிறகு குரோம் பூச்சு, அடுத்துத் தோல் இருக்கை, அதற்கும் பிறகு இயந்திரம். டயரின் முறை கடைசியில்தான் வரும். பல நேரங்களில் வராமலே போய்விடும். அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படும்: 'ஆண்டுக்கு ஐந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி, டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது.' பார்வைக்கு அது உண்மைதான். ஆனால் காருக்கும் சாலைக்கும் இடையே உள்ள தொடர்பு முழுவதும் நான்கு டயர்களின் அடியில், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே உள்ள இரப்பர்ப் பரப்பில் அடங்கியிருக்கிறது. இயந்திரத்தின் விசை, பிரேக்கின் வலிமை, ஸ்டீயரிங்கின் கட்டளை ஆகிய அனைத்தும் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் சாலையைச் சென்றடைய வேண்டும். ஆகவே, ஒரு பழைய விளையாட்டுக் காரின் போக்கை மாற்றுவதற்குப் புதிய டயரைப் போல எளிய வழி வேறில்லை. அந்த மாற்றம் நல்லதாக அமையுமா என்பது நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

நைலானும் ரேடியலும்

1940-களிலும் 1950-களிலும் உருவான விளையாட்டுக் கார்கள் பெரும்பாலும் குறுக்கிழை டயர்களுக்கென வடிவமைக்கப்பட்டவை. டயரின் உடலுக்குள் இருக்கும் இழைகள் சாய்வாக ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிட்டு அடுக்கப்பட்டிருப்பதால் இப்பெயர். நம் ஊர்க் கடைகளில் இதையே 'நைலான் டயர்' என்பார்கள். மிச்செலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்று, 1949-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரேடியல் டயரில் அமைப்பே வேறு. இழைகள் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்திற்கு நேராகச் செல்கின்றன. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகு இழைகளாலான கச்சை ஒன்று சுற்றிலும் இறுக்கமாக அமைந்திருக்கிறது. பக்கச்சுவர் தளர்ந்து வளைந்து கொடுத்தாலும், அடிப்பரப்பு தட்டையாகவே சாலையைப் பற்றிக்கொள்ளும்.

இந்த மாற்றம் இந்தியாவுக்கு வரக் காலம் பிடித்தது. 1936-இல் வங்காளத்தின் சாகாகஞ்சில் டன்லப் ஆலை தொடங்கியது. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கொட்டகை, எம்.ஆர்.எஃப். என்ற டயர் நிறுவனமாக 1960-களில் வளர்ந்தது. ஆனால் ரேடியல் டயர் இந்தியாவில் தயாரானது 1977-இல், ஜே.கே. டயர் நிறுவனத்தின் முயற்சியால். ஆகவே 1960-களில் நம் சாலைகளில் ஓடிய கார்களின் குணம் என்று மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பதில் ஒரு பகுதி, உண்மையில் குறுக்கிழை டயரின் குணமே ஆகும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளங்கிக்கொள்ள ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது, சக்கரம் எத்திசையை நோக்கி நிற்கிறதோ, அதே திசையில் கார் அப்படியே சென்றுவிடுவதில்லை. தரையைத் தொடும் இரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு முறுகுவதால், சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகிறது. இதை வழுக்குக் கோணம் எனலாம். பெயர் அச்சமூட்டினாலும் இக்கோணம் தீங்கன்று. இது இல்லாமல் டயரால் பக்கவாட்டு விசையை உண்டாக்கவே முடியாது.

குறுக்கிழை டயர் அதே விசையைத் தருவதற்குப் பெரிய கோணத்தை எடுத்துக்கொள்ளும். எனவே பழைய விளையாட்டுக் காரின் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சற்று முன்கூட்டியே, சற்று அதிகமாகத் திருப்ப வேண்டும். கார் மெல்ல நழுவும். நழுவத் தொடங்குவதை முன்னதாகவே அறிவிக்கும். ரேடியல் டயரோ சிறிய கோணத்திலேயே பதில் தரும். ஸ்டீயரிங் கூர்மையாகும், நேர்ச்சாலையில் கார் அலைபாயாமல் செல்லும், ஈரச்சாலையில் பிடிமானம் கூடும். ஆனால் அந்தப் பிடிமானம் எல்லையைக் கடந்து விடுபடும்போது, குறுக்கிழை டயரைப் போல நிதானமாக விடுபடாமல், விரைவாகவே விடுபடும். எல்லை உயர்ந்திருக்கிறது; எல்லையை அறிவிக்கும் எச்சரிக்கை குறைந்திருக்கிறது. புதிய டயர் மாட்டியவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுதான்.

மதராசின் ஹெரால்டும் அதன் உடன்பிறப்பும்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி உருவம் தந்த டிரையம்ப் ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்தது. மதராசின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் இங்கே தயாரித்தது. நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டு இந்தியாவுக்கென்றே உருவானது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடைபெற்ற பந்தயங்களில் ஓடியதும் இதே குடும்பக் கார்தான். அதன் அடிச்சட்டத்தைச் சுருக்கி, அதே மிக்கெலோட்டி 1962-இல் வடித்துத் தந்த இரு இருக்கை விளையாட்டுக் காரே டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். எனவே சென்னை மெக்கானிக் ஒருவர் ஹெரால்டில் கற்றதில் பெரும்பகுதி ஸ்பிட்ஃபயருக்கும் பொருந்தும்.

இவ்விரு கார்களின் பின்சக்கர அமைப்பு ஊசலாடும் அச்சு வகையைச் சேர்ந்தது. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும்; அதிலிருந்து இருபுறமும் செல்லும் அரை அச்சுகள், கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடும். சாதாரண ஓட்டத்தில் இது சொகுசு தரும். ஆனால் வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, அச்சத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பின்பகுதி எழும்பும். வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடங்கி, டயரின் ஓரம் மட்டுமே சாலையைத் தொடும். பிடிமானம் அந்தக் கணத்தில் குறைந்து, காரின் பின்பகுதி வெளியே சுழலும்.

இங்கேதான் டயரின் தேர்வு முக்கியமாகிறது. முதல் ஸ்பிட்ஃபயர்கள் 5.20-13 என்ற அளவுள்ள ஒல்லியான குறுக்கிழை டயர்களோடு வந்தவை. பின்சக்கரம் மடங்கும் அளவுக்கு விசை சேருமுன்னரே அந்த டயர்கள் பெரும்பாலும் நழுவத் தொடங்கிவிடும். 'அகலமாக இருந்தால் நல்லதுதானே' என்று எண்ணி, அதே காரில் இன்றைய அகலமான, ஒட்டும் தன்மை மிகுந்த டயரை மாட்டினால், பக்கவாட்டு விசை கூடும். அந்த விசையே பின்பகுதியை இன்னும் உயரத் தூக்கும். கார் பிறந்தபோது இல்லாத அபாயம் ஒன்றை நாமே விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆவோம். டிரையம்ப் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட நான்காம் தலைமுறை ஸ்பிட்ஃபயரில் பின் வில்லின் அமைப்பை மாற்றி இக்குறையைத் தணித்தது. மதராஸ் நிறுவனமும் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த 'கெசல்' காரில் ஊசலாடும் அச்சைக் கைவிட்டு வழக்கமான முழு அச்சுக்குத் திரும்பியது.

ஆகவே, இத்தகைய காருக்கு ஏற்றது அதன் காலத்து அகலத்தை ஒட்டிய ரேடியல் டயர். ஸ்பிட்ஃபயருக்கு 145 மில்லிமீட்டர் அகலமுள்ள 13 அங்குல ரேடியல் பொருந்தும். நல்வாய்ப்பாக, நம் நாட்டுச் சிறு கார்களுக்கெனத் தயாராகும் 145/80 ஆர்13 அளவு இதற்கு நெருக்கமானது, பெங்களூரு ஜே.சி. சாலைப் பகுதியின் கடைகளில் தேடிப் பெறத்தக்கது. பழைய தோற்றமும் வேண்டும் என்பவர்களுக்கு மிச்செலின், பிரெல்லி போன்ற நிறுவனங்கள் பழைய வார்ப்பு வடிவங்களில் இன்றைய இரப்பரைக் கொண்டு டயர்கள் செய்கின்றன. பழைய கார்களுக்கென்றே 'ஸ்பிரின்ட் கிளாசிக்' டயரைத் தயாரிக்கும் நெதர்லாந்தின் விரெடஸ்டெய்ன் நிறுவனம் 2009 முதல் நம் அப்போலோ டயர்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இறக்குமதி செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: புதிய கார் டயர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2020 ஜூன் மாதத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. முன்பணம் செலுத்துமுன் அன்றைய விதியை விசாரித்துக்கொள்வது நலம்.

கலக்கக் கூடாதவை

செலவைக் கருதி இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவோர் உண்டு. முன்சக்கரங்களில் புதிய ரேடியலும் பின்சக்கரங்களில் பழைய குறுக்கிழையும் இருந்தால், முன்பகுதி சாலையை இறுகப் பற்ற, பின்பகுதி நழுவும். கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். பழைய காருக்கு இழைக்கக்கூடிய தீங்குகளில் இது மோசமான ஒன்று. மாற்றினால் நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். கூடுதல் சக்கரத்தையும் சேர்த்தால் ஐந்து. கம்பிச் சக்கரம் உள்ள கார்களுக்கு ட்யூப் கட்டாயம். அதுவும் ரேடியலுக்கு உரிய ட்யூபாக இருக்க வேண்டும்.

காற்றழுத்தமும் டயரின் ஒரு பகுதியே. இதற்கு அமெரிக்காவின் செவர்லே கார்வேர் ஒரு பாடம். இயந்திரம் பின்னால் அமைந்த அந்தக் காரிலும் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் இயங்கின. முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு என்று நிறுவனம் அழுத்தத்தை வகுத்திருந்தது; அந்த வேறுபாட்டில்தான் காரின் சமநிலை அடங்கியிருந்தது. எல்லாக் கார்களையும் போலக் கருதி நான்கிலும் ஒரே அளவு காற்றடைத்தால் அந்தச் சமநிலை குலையும். ரால்ஃப் நேடர் 1965-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதல் இயல் இக்காரைப் பற்றியது. 1960 முதல் 1963 வரையிலான கார்வேர்கள் அக்காலத்துப் பிற கார்களைவிட மோசமானவை அல்ல என்று அமெரிக்க அரசின் ஆய்வு பின்னர் 1972-இல் கூறியது. வழக்கு எதுவாயினும் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றே: பழைய காரின் கையேட்டில் முன்னுக்கும் பின்னுக்கும் வெவ்வேறு அழுத்தம் குறிக்கப்பட்டிருந்தால், அது அச்சுப்பிழை அன்று. குறுக்கிழையிலிருந்து ரேடியலுக்கு மாறும்போது மொத்த அளவு சற்று மாறலாம். முன், பின் வேறுபாட்டின் நோக்கத்தைக் காக்க வேண்டும்.

தேயாத டயரின் முதுமை

இனி, 'பட்டன் அப்படியே இருக்கிறது' என்ற நியாயத்திற்கு வருவோம். இரப்பர் ஓடினால் தேயும், ஓடாவிட்டால் இறுகும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் உயிர்வளியும் அதன் நெகிழ்வை ஆண்டுதோறும் குறைக்கின்றன. நெடுநாள் ஒரே இடத்தில் நின்ற காரின் டயரில் அடிப்பகுதி தட்டையாகி, ஓடும்போது அதிர்வு எழும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். மேற்பரப்பு பளபளப்பாகவே இருக்கும். பிடிமானம் மட்டும் போய்விட்டிருக்கும்.

இதன் விளைவைப் பள்ளிப் பாடநூல் சூத்திரத்தைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், சாலையோடு உராய்வு எண் 0.8 உள்ள டயரில் பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 18 மீட்டரில் நிற்கும். அதே எண் 0.5 ஆகக் குறைந்தால் 28 மீட்டர் ஆகும். பத்து மீட்டர்தானே என்று தோன்றலாம். முதல் கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பத்து மீட்டரின் பொருள் விளங்கும். காற்றுப்பையோ, சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக்கோ, சில வேளைகளில் இருக்கைப் பட்டையோகூட இல்லாத காரில் நாமும் நம் குடும்பத்தாரும் அமர்ந்திருக்கிறோம்.

2013 நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும் அவருடைய நண்பரும் உயிரிழந்த விபத்து உலகறிந்தது. அவர்கள் சென்ற 2005-ஆம் ஆண்டு போர்ஷே கரேரா ஜி.டி. காரின் வேகமே விபத்துக்குக் காரணம் என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். மணிக்கு 45 மைல் எல்லையுள்ள இடத்தில் அது 80 மைலுக்கும் மேல் சென்றிருந்தது. அந்த விசாரணையில் இன்னொன்றும் தெரியவந்தது: அக்காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகளைக் கடந்தவை, அந்த முதுமை காரின் கையாளுதலைப் பாதித்திருக்கக்கூடும் என்று குறிக்கப்பட்டது. பேணிக்காத்த, விலை மதிப்பு மிக்க, குறைவாகவே ஓடிய கார்களுக்கே உரிய ஆபத்து இது.

டயரின் வயதை அறிவது எளிது. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2318 என்றிருந்தால், 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது என்று பொருள். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000-க்கு முற்பட்டது. அழகுக்காக வைத்துக்கொள்ளலாம், ஓட்டலாகாது. ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்ட வேண்டும் என்பதும், பத்தாண்டு ஆனதை எப்படித் தோன்றினாலும் மாற்ற வேண்டும் என்பதும் டயர் நிறுவனங்கள் பொதுவாகத் தரும் அறிவுரை. வாங்கும்போதும் இவ்வெண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். அபூர்வ அளவுகள் கடையில் பல ஆண்டுகள் தேங்கிக் கிடக்கக்கூடும்.

மாட்டிய பிறகு

புதிய டயர் மாட்டிய முதல் நாளில் கார் வேறு காராகத் தோன்றும். நிற்கும்போது ஸ்டீயரிங் சற்றுக் கனக்கும், ஓட்டத்தில் இலேசாகும். வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது அதிர்வு குறையும். உடனே வளைவில் சோதித்துப் பார்க்கும் ஆவல் எழும். அதை அடக்க வேண்டும். வார்ப்பிலிருந்து டயரைப் பிரிப்பதற்கான பூச்சின் எச்சம் மேற்பரப்பில் இருக்கும் என்பதால், முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுவதே முறை. வீல் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் புதிதாகச் செய்யப்பட வேண்டும். குறுக்கிழைக்கென வைத்த சக்கரக் கோணம் ரேடியலுக்கு அப்படியே பொருந்தாது. பிடிமானம் கூடியதால், இதுவரை மறைந்திருந்த பலவீனங்களும் வெளிப்படும்: தேய்ந்த புஷ், தளர்ந்த பேரிங், ஓய்ந்த ஷாக் அப்சார்பர். அவற்றைப் புதிய டயரின் குறையென்று எண்ணிவிடக் கூடாது.

நந்தி மலையின் கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போதும், கோடை முடிந்து பெய்யும் முதல் மழையில் சாலையின் எண்ணெய்ப் பிசுக்கு மேலெழும் வேளையிலும் இவையெல்லாம் ஒருங்கே சோதிக்கப்படும். அங்கே வேகத்தைக் குறைப்பது வளைவுக்கு முன்பே நிகழ வேண்டும்; வளைவுக்குள் காலை எடுப்பது, பழைய காரில் எந்த டயரிலும் நன்றன்று.

சட்டமும் சேமிப்பும்

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. 2021-இல் வந்த விதிகளின்படி, முதற்பதிவு முதல் 50 ஆண்டு கடந்து, அடிச்சட்டம், உடற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத வாகனம் தொன்மை வாகனமாகப் பதிவு பெறலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு. அவ்வாறு பதிவானதை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. வழக்கமான முழுக் காப்பீட்டில், விபத்தில் காரும் சேதமடைந்தாலன்றி டயரின் சேதத்துக்கு மட்டும் இழப்பீடு கிடைக்காது. கிடைக்கும்போதும் மாற்றுச் செலவில் பாதியே. தேய்மானமும் முதுமையும் முற்றிலும் உரிமையாளர் பொறுப்பு. எனவே டயரை எதிர்பாராத செலவாகக் கருதாமல், நாள் குறித்த செலவாகக் கருதுவதே அறிவுடைமை. எடுத்துக்காட்டாக, ஐந்து டயர்களுக்கும் உதிரிப் பணிகளுக்கும் சேர்த்து 36,000 ரூபாய் ஆகும் என்றும், ஆறாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது என்றும் வைத்துக்கொண்டால், மாதம் 500 ரூபாய் வீதம் 72 மாதத் தொடர் வைப்பு போதும். அதில் சேரும் வட்டி, இடைப்பட்ட விலை உயர்வில் ஒரு பகுதியைத் தாங்கும். வைப்பு முதிரும் நாளும் டயர் மாற வேண்டிய நாளும் ஒன்றாகவே அமைவதால், 'இன்னும் ஓராண்டு ஓடட்டுமே' என்ற தயக்கத்துக்கும் இடமிருக்காது.

இந்த வார இறுதியில் காரின் உறையை விலக்கும்போது, வண்ணப்பூச்சின் மெருகைப் பார்ப்பதற்கு முன் சற்றுக் குனிந்து அந்த நான்கு இலக்க எண்ணை வாசியுங்கள். கூடுதல் சக்கரத்திலும் வாசியுங்கள். அவசரத்துக்கு நாம் நம்பியிருக்கும் ஐந்தாவது டயர்தான் பெரும்பாலும் எல்லாவற்றிலும் மூத்ததாக இருக்கும்.